ஆச்சுங்க

ஈரல் கொடுக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே ஆஸ்பத்திரியில் ஒரு திருகாணி கொடுத்துவிடுவார்கள். தோட்டுக்குப் பின்னால் திருகுகிற அதே திருகாணிதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் இதற்குக் காது உண்டு, வாயும் உண்டு. போட்டிருக்கிறவர் நாள் முழுக்கப் பேசுவதைக் கேட்டு, என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று கணக்குப் போட்டு, அடுத்த வேளைக்கு இவ்வளவு சாப்பிடலாம் என்று அவர் காதுக்குள் மட்டும் சொல்லும். இதெல்லாம் இன்னும் வராத காலம், கண்ணுகளா. வந்து போய்விட்டது போலச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சை வைத்து எதற்குக் கணக்கு என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு முன்னால் தட்டைப் படம் பிடிக்கிற கருவி ஒன்று இருந்தது. ஜனங்கள் தட்டை அதற்குக் காட்டிவிட்டுச் சட்டியோடு சாப்பிட்டார்கள். விரலால் பதியச் சொன்னபோது மறந்தார்கள், அல்லது மறந்ததாகச் சொன்னார்கள். பேசாமல் இருக்க மட்டும் யாராலும் முடியவில்லை. இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று ஒருத்தர் கேட்பதும், போதும் போதும் என்று இன்னொருத்தர் சொல்வதும் போதுமானதாக இருந்தது அந்தத் திருகாணிக்கு. அது பிறந்ததே சந்தேகத்தில்தான். குறைவாகத்தான் சாப்பிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாது; தானாகக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளும்.

அப்படி ஒரு திருகாணி சுபிக்ஷாவின் காதில் ஏறியது. நாற்பது வயதுக்காரி. பெருந்துறை பைபாஸ் ஓரத்தில் பேட்டரி பங்க் நடத்தி வந்தாள். லாரியும் ஆட்டோவும் தீர்ந்த பேட்டரியை இறக்கிவிட்டு, நிரம்பியதை மாட்டிக்கொண்டு போகிற இடம். அவளுடைய தம்பி கவின், சென்னிமலைப் போர்வைத் தறிகளுக்கு மென்பொருள் பார்க்கிறவன். குடி கிடையாது, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனாலும் பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு ஈரலைக் கெடுக்கிற வியாதி அவனுக்கு வந்துவிட்டது. கண் மஞ்சளாகிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பான்.

கவினின் மனைவி இலக்கியாவின் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. அக்காவின் ரத்தம் சேர்ந்தது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சுபிக்ஷா கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவளுடைய ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. அந்த ஈரலை வெட்டிக் கொடுத்தால் அவனுக்கும் ஆகாது, இவளுக்கும் ஆகாது. இளைத்துவிட்டு வாருங்கள், கொழுப்பு கரையட்டும் என்று கோயம்புத்தூரில் டாக்டர் ரிஸ்வானா சொல்லி அனுப்பினார். தினம் ஆயிரத்து இருநூறு கலோரி. அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்றார். கவினின் ஈரல் அதுவரை தாங்கும், அதற்குமேல் சொல்ல முடியாது என்பதையும் இலக்கியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

முதலில் எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. ஒரு வாரம் அப்படியே நின்றது, அடுத்த வாரமும் நின்றது. குடும்பத்துக்கு வருகிற தகவல் இலக்கியாவின் கைபேசியில் வரும். ஒரு திங்கட்கிழமை அதில் மூன்றே வரிதான் இருந்தது. எடை இறங்கவில்லை. உணவு அனுமதித்த அளவுக்கு மேல். ஒத்துழைப்பு ஐயத்துக்கு உரியது.

இலக்கியா அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கவினிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுச் சிரித்தான்.

"சின்னதுல எம் பங்கு கடலமுட்டாயத் தின்னுபோட்டு, எலி தின்னுருச்சுன்னவதான அவ."

"சிரிக்கற விசயமா இது?"

"அவளுக்குப் பயமா இருந்தா இருந்துட்டுப் போகுது புள்ள. ஈரல் என்ன, பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கற ஒறமோரா?"

இலக்கியாவால் சிரிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டால் பழையதெல்லாம் புதிதாகத் தெரியும். கல்யாணத்தன்று தேங்காய் உடைத்தவர் விரலில் வெட்டுப்பட்டதைப் பார்த்து அண்ணி மயங்கி விழுந்தது ஞாபகம் வந்தது. ஊசி போடுகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. கடலில் காற்றாலை வேலைக்குப் போயிருக்கிற அண்ணியின் வீட்டுக்காரர் அங்கிருந்தே வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று பெரிய மாமனார் பேச்சுவாக்கில் போட்டுவிட்டுப் போனார். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் ஊர் பேசும். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இளைக்காமல் இருந்தால்? ஈரல் சரியில்லை என்று டாக்டரே சொல்லிவிடுவார். யாருக்கும் பொல்லாப்பு இல்லை. இலக்கியாவின் புருஷன்தான் போய்ச் சேருவான்.

இந்த எண்ணம் வந்த பிறகு இலக்கியாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கவினைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அண்ணிக்குத் துணைக்கு வருகிறேன் என்று பெருந்துறைக்குப் பை தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். துணை என்றுதான் சொன்னாள். வந்தது வேவு பார்க்க.

சுபிக்ஷாவின் மகள் சென்னையில் விடுதியில் படிக்கிறாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. இலக்கியா அரிசி டிரம்மில் விரலால் ஒரு கோடு போட்டு வைத்தாள். கோடு கலையவில்லை. குப்பைக் கூடையைக் கிளறினாள். பங்க்கிலிருந்து வருகிற அண்ணியின் கையை ஏதோ சாமான் வாங்குகிற சாக்கில் மோந்து பார்த்தாள். சித்திரை வெயிலில் அண்ணி சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே எதை ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று இலக்கியாவுக்குத் தோன்றியது. எப்போதும் ஓடியாடிக்கொண்டிருக்கிற மனுஷி இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசித்தாள். டம்ளரைக்கூட எடுத்துத் தரச் சொன்னாள். தின்ற சோறு செமிக்காமல் அசைய முடியவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அவள்மேல். சாகப்போகிற புருஷனை வைத்திருக்கிறவளுக்கு எல்லாமே சாட்சியாகத்தான் தெரியும்.

பங்க் மேசையின் கீழ் இழுப்பறை ஒன்று பூட்டியே இருந்தது. அதைத் திறக்கிறபோதெல்லாம் அண்ணி சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வாள். ஒரு லாரிக்கு பேட்டரி மாற்ற அவள் வெளியே போன நேரத்தில், சாவிக்கொத்தை எடுத்து இலக்கியா அந்த இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே முறுக்கு டின் ஒன்று இருந்தது. அகப்பட்டது என்று நினைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்தாள்.

முடி. சுருட்டிச் சுருட்டி வைத்த முடி. ஒரு சவுரி முடிகிற அளவுக்கு. தலை சீவச் சீவ உதிர்ந்ததையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் சேர்த்து ஒளித்து வைத்திருந்தாள். மேலே கிடந்த சுருளில் அன்றைக்குக் காலையில் வைத்த எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை.

இலக்கியா டின்னை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தின்கிறவளுக்கு எதற்கு முடி கொட்டுகிறது? முதல் தடவையாக அண்ணியை வேறு மாதிரி பார்த்தாள். சுவெட்டர் கைக்குள் நுழைந்திருந்த விரல் நுனிகள் நீலமாக இருந்தன.

லாரிக்காரர் பேட்டரியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கிளம்புகிற வாக்கில் கேட்டார்.

"சாப்ட்டாச்சுங்ளாக்கா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சுங்க்கா."

லாரி போயிற்று. சுபிக்ஷா தலையை லேசாகச் சாய்த்து, காதைத் தொட்டுக்கொண்டாள். அடுத்து ஆட்டோக்காரர் வந்தார். அவரும் கேட்டார். அவருக்கும் ஆச்சுங்க. மறுபடி தலை சாய்ந்தது, கை காதுக்குப் போனது. இலக்கியா பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அண்ணி வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் போகவில்லை என்பதற்கு அவளே சாட்சி. அப்புறம் எது ஆயிற்று?

மத்தியானம் சுபிக்ஷா சோற்றுப் போசியைத் திறந்தாள். கொள்ளுக்கஞ்சி. ஸ்பூனை எடுத்தாள். காதைத் தொட்டாள். ஸ்பூனை வைத்துவிட்டுப் போசியை மூடினாள்.

"ஏனுங்கண்ணி மூடிட்டீங்க?"

"வேண்டாங்குது கண்ணு."

"யாரு?"

"திருகாணி. இந்த வேளைக்கு ஒண்ணும் வேண்டாங்குது."

"ஏன் வேண்டாங்குதாமா?"

"அதெல்லாம் சொல்லாது. வேணும், வேண்டாம், அவ்வளவுதான் சொல்லும்."

இலக்கியா அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, சாப்ட்டாச்சா?"

சுபிக்ஷா யோசிக்கவே இல்லை. "ஆச்சு கண்ணு" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது போல வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இப்ப என்ன சொல்லுது அது?"

"பொழுதெறங்கிக் குடிக்கற கஞ்சியும் வேண்டாங்குது" என்று சுபிக்ஷா சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்தாள்.

அவ்வளவுதான் விஷயம். நம் பக்கத்தில் சாப்பிட்டாச்சா என்பது சோற்றைப் பற்றிய கேள்வியா? எப்படி இருக்கிறாய் என்பதற்குப் பதிலாகக் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொன்னால் கேட்டவர் பாவம், பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைத் தந்துவிடுவார். அதனால் பசித்த வயிற்றோடும் ஆச்சுங்க என்பார்கள். யார் சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது ஒன்றும் அதில் இருக்காது. சுபிக்ஷாவோ ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறவள். வருகிற வண்டியெல்லாம் கேட்கும். திருகாணி ஒவ்வொரு ஆச்சுங்கவையும் ஒரு வேளைச் சாப்பாடாக எடுத்துக்கொண்டு, உள்ளதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கணக்கில் அவள் தின்று தீர்க்கிறாள். எடை வேறு நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன.

அன்றைக்கே இலக்கியா அண்ணியை வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ரிஸ்வானா நாடியைப் பிடித்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். காலில் விரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி இருந்தது. முடிவுகள் வந்ததும் திருகாணியைத் தன் கையாலேயே கழற்றி இழுப்பறையில் போட்டார்.

திருகாணியைச் செய்தவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்த மனிதர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். இளைக்க வந்தவர்கள் குறைத்துத்தான் பொய் சொல்வார்கள், அதற்கெல்லாம் வழி செய்திருக்கிறோம் என்றார். சாப்பிடாத ஒருவர் ஏன் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று அவர் மூன்று விதமாகக் கேட்டார். டாக்டருக்கு மூன்று விதமாகவும் பதில் சொல்லத் தெரியவில்லை. காலையில் வாசலில் காவலாளி கேட்டபோது வெறும் வயிற்றோடு அவரும் ஆச்சுங்க என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"ஆனா டாக்டர்," என்று இலக்கியா கேட்டாள். இது அவளுடைய மனதில் இன்னும் மிச்சமிருந்த சந்தேகம். "சாப்பிடாமயே இருந்தாங்கன்னா எடை இன்னும் வேகமால்ல இறங்கோணும்? ஏன் நின்னுச்சு?"

டாக்டர் சுபிக்ஷாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க பங்க்குக்கு வர்ற வண்டில பேட்டரி ரொம்ப இறங்கிட்டா வண்டி என்ன பண்ணும்?"

"மொதல்ல ஏசிய நிறுத்திருங்க. அப்பறம் வேகத்தக் கொறச்சுரும். லைட்டு மங்கும். இருக்கறத வச்சு எப்படியாவது ஊர் போய்ச் சேரப் பாக்கும்."

"உடம்பும் அதேதான் பண்ணுது. ரொம்பக் கொஞ்சமா உள்ள போனா, பஞ்சம் வந்துருச்சுன்னு நினைச்சுக்குது. சூட்டைக் குறைக்குது, அதான் உங்களுக்குக் குளிருது. முடி வளர்க்கறத நிறுத்துது. உங்களக் கேக்காமலே உங்க நடமாட்டத்தக் குறைக்குது. சதையை எடுத்துக்குது. அப்படி எரிக்கறது குறையக் குறைய இறங்கறதும் மெதுவாகுது. நின்னே போயிடாது. ஆனா இந்த மாதிரி அவதில உடம்பு தண்ணிய வேற பிடிச்சு வச்சுக்கும். கொஞ்சம் கொழுப்பு கரைஞ்சிருக்கும், அந்த இடத்துல தண்ணி நிக்கும். தராசுக்குத் தண்ணி எது, கொழுப்பு எதுன்னு தெரியாதே."

"அப்ப இன்னும் கொறைக்கோணுங்களா?" என்று சுபிக்ஷா கேட்டாள்.

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கூட்டணும். முட்டை, பருப்பு, பால்னு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். உங்க ரத்தத்துல புரதமே இல்ல. இந்த உடம்ப நான் அறுத்தா ஆறாது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா உங்க தம்பிக்கு ஈரலும் இல்ல, அக்காவும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, இலக்கியாவிடம் சொன்னார். "அந்தத் தகவல்ல ஐயம்னு இருந்துச்சே, அதுக்கு ஒப்புதல் கொடுத்தது நான்தான்."

அரிசி டிரம்மில் கோடு போட்டவள் யாரைக் குறை சொல்வாள்?

அதற்குப் பிறகு அவள் வேவு பார்க்கவில்லை, சமைத்தாள். சாப்பாடு உள்ளே போனதும் முதலில் எடை ஏறியது. உறவுக்காரர்கள் விடுவார்களா? பார்த்தாயா, இப்போது வெளிப்படையாகவே தின்கிறாள் என்றார்கள். பெரிய மாமனார் வீட்டுக்கே வந்து, கொடுக்க மனமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லச் சொல்லு என்றார். இலக்கியா அவருக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டு, அண்ணி சாப்பிடுவது என் புருஷனுக்காக, நீங்கள் சாப்பிடுவது யாருக்காக என்று கேட்டாள். மனுஷன் அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இடையில் கவின் ஒருமுறை நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து எழுந்தான். அண்ணியின் கைகள் சூடாயின. அவள் மறுபடி நடமாட ஆரம்பித்தாள். காலில் நின்ற தண்ணீர் வடிந்தது. எடை மெதுவாக, அலட்டாமல் இறங்கியது. ஒருநாள் ஈரலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் அறுவைக்கு நாள் குறித்தார்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம். ஆஸ்பத்திரி அறையில் இலக்கியா அண்ணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நெற்றியோரம் புதுமுடி குட்டையாக முளைத்திருந்தது. சுபிக்ஷா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லிப்போடோணும். நாளைக்கு என்னமோ ஏதோ."

"சொல்லுங்கண்ணி."

"ஆச்சுங்கன்னா அது சோத்தக் கொறைக்குதுன்னு எனக்கு மொத வாரத்துலயே தெரியும்."

சீப்பு நின்றது.

"டாக்டரம்மா ரெண்டு மாசம்னாங்க. அவன் முதுகச் சொறிஞ்சுக்கறதப் பாத்துட்டு ரெண்டு மாசம் எப்பிடிக் காத்துட்டு இருக்கறது? பாதி சாப்புட்டா பாதி நாள்ல எளைச்சுரலாம்னு நானாக் கணக்குப் போட்டேன். சாப்புடாம இருந்தா அந்தத் திருகாணி நச்சரிக்கும், ஆஸ்பத்திரிக்கு வேற சொல்லிரும். ஆச்சுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாய மூடிக்கும். யாரும் கேக்கலீன்னா நானே எதுத்தாப்ல போறவங்கள நிறுத்திச் சாப்ட்டாச்சுங்ளான்னு கேப்பேன். அவிங்க திருப்பிக் கேப்பாங்கல்ல."

"நாங்கெல்லாம் உங்களப் பத்தி என்னென்ன பேசினோம் தெரியுங்களா?"

"தெரியும் கண்ணு. திருட்டுத்தனமாத் திங்கறான்னு நெனச்சா நெனச்சுட்டுப் போங்கன்னு உட்டுட்டேன். திங்காம இருக்கறதக் கண்டுபுடிச்சாத்தான வம்பு."

இலக்கியா பின்னலை முடித்தாள். அண்ணி எதையோ மறைக்கிறாள் என்று சந்தேகப்பட்டாளே, அது சரிதான். திசைதான் தப்பு. அவள் அறைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில், இரண்டு பேரையும் உள்ளே எடுத்துப் போவதற்கு முன்னால், டாக்டர் ரிஸ்வானா இலக்கியாவைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அறுக்கறது எனக்குப் பெரிசில்ல. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் உங்க அண்ணி வாயத்தான் நான் நம்பியாகணும். கருவியெல்லாம் இருக்கு. ஆனா உள்ள கசிய ஆரம்பிச்சா முதல்ல தெரியறது அவங்களுக்குத்தான். வலின்னா வலின்னு சொல்ற ஆள்தான?"

இரண்டு கதவு தள்ளிக் கவின் படுத்திருந்தான். கையில் ஊசி ஏற்றியாகிவிட்டது, உறவுக்காரர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுச் சிரித்துவிட்டு வேறு வந்திருந்தான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நடக்கும். உண்மையைச் சொன்னால் டாக்டர் நிறுத்தினாலும் நிறுத்துவார். இன்னொரு தடவை அவன் நினைவு தப்பினால் திரும்பி வருவான் என்று நிச்சயம் இல்லை.

ஆனாலும் இலக்கியா சொன்னாள். முந்தின நாள் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "அவங்க நல்லாருக்கேன்னு சொன்னா நம்பாதீங்க டாக்டர். நம்பவே நம்பாதீங்க" என்றாள்.

டாக்டர் நேராகச் சுபிக்ஷாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். வேண்டாம் என்றால் இப்போதுகூட நிறுத்திவிடலாம், காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். அந்த அம்மா, தன்னால் தாமதமானதைத் தவிர வேறு எதற்கும் வருத்தமில்லை என்று சொன்னார்களாம்.

"செய்யறேன்," என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. நீங்க உங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காரக் கூடாது. அவருக்கு நாங்க இருக்கோம். நீங்க அவங்க பக்கத்துல உக்காரணும். விட்டுட்டு நகரக் கூடாது. சம்மதமா?"

இலக்கியா கவினின் கதவை ஒருமுறை பார்த்தாள். "சம்மதங்க" என்றாள்.

அறுவை நல்லபடியாகத்தான் முடிந்தது. அக்காவின் ஈரலில் பாதி தம்பிக்குள் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. மறுநாள் கவின் கண்ணைத் திறந்தான், இலக்கியா எங்கே என்று கேட்டான் என்று செய்தி வந்தது. செய்தி கொண்டுவந்த நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

சுபிக்ஷா தலையணையில் முகத்தைத் திருப்பினாள். "போயி அவனப் பாரு கண்ணு. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. இலக்கியா எழுந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த மணியை அழுத்தினாள். அறைக்குள்ளேயே நர்ஸ் நிற்கிறாள் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் கருவிகளின் திரைகளைப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தானங்க இருக்கு. அவங்களே நல்லாருக்கேன்னு சொல்றாங்களே."

"ஆமாங்க. அதனாலதான் கூப்படறேன்."

நர்ஸ் போர்வையை விலக்கி வயிற்றில் கையை வைத்தாள். வயிறு பலகை போல இருந்தது. சுபிக்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஒரு சத்தம் போடவில்லை. நர்ஸ் போர்வையை அப்படியே விட்டுவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

பயப்படாதீர்கள் கண்ணுகளா, நேரம் இருந்தது. கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். இலக்கியா தன் புருஷனை அதற்கடுத்த நாள் சாயங்காலம்தான் போய்ப் பார்த்தாள்.